சட்டத்துக்குள் அடங்காத குதிரைகள்

பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகம் 2022-ல் பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனருக்குத் தனிக் கண்காட்சி வைத்ததே... ஆடு, மாடு, குதிரை வரைந்தவருக்கு அவ்வளவு மரியாதையா?

‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்றும் பொருள் உண்டே! வரைந்து சம்பாதித்த பணத்தில், ஃபோந்தேன்புளோ காட்டோரம் சொந்த மாளிகையே வாங்கினார் ரோசா.

அதெல்லாம் சரி, குதிரை வரைய ஆண் உடை போட்டாராமே, எதற்கு?

படத்துக்குத்தான் சட்டம் போடுவார்கள். அன்றைய பாரிசில் பெண்ணின் காலுக்கே சட்டம் போட்டிருந்தார்கள். காற்சட்டை அணியப் போலீஸ் அனுமதி வேண்டும், அதுவும் மருத்துவர் கையெழுத்தோடு! ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரோசாவும் அப்படி அனுமதி பெற்றவர்தான். பாவாடையோடு போனால் வேடிக்கைப் பொருளாகிவிடுவோம் என்று, ஆண் உடையில் வாரம் இருமுறை, ஒன்றரை ஆண்டு, குதிரைச் சந்தையில் நின்று வரைந்தார். அந்த உழைப்பில் பிறந்த ‘குதிரைச் சந்தை’ ஓவியம் 16 அடிக்கும் மேல் அகலம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குதிரைகளின் திமிறலை அருகே நின்று பார்த்தவர் கையால்தான் அப்படி வரைய முடியும்.

1800-ல் போட்ட அந்தக் காற்சட்டை ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது எப்போது தெரியுமா? 2013-ல்!