கிரிவலப் பாதையில் ஒரு ஹாட் சீட்

அடி அண்ணாமலையில் பூக் கட்டி விற்கும் ஒரு அக்கா கோடி ரூபாய் போட்டிக்குத் தேர்வாகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேனல்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். முதலில் தேடுவது அக்காவின் பொது அறிவை அல்ல, ஒழுகும் கூரையை. மெத்தை வீடாக இருந்துவிட்டால் முகம் சுண்டிப்போகும். "பக்கத்துல கூரை வீடு ஏதாச்சும் இருக்காம்மா? சும்மா வாசல்ல நின்னா போதும்." மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கிற ஊர், திருவெம்பாவை பிறந்த மண் என்று சொல்லிக்கொள்கிற ஊர். அதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? பின்னால் மலை தெரிய அக்கா கூடையோடு நடக்க வேண்டும், மேலே ட்ரோன் பறக்க வேண்டும், புல்லாங்குழல் அழ வேண்டும். புருஷன் குடிகாரன் என்றால் விசேஷம். செத்துப்போயிருந்தால் புரோமோவிலேயே இடம்.

முதல் கேள்வி ஆயிரம் ரூபாய்க்கு. அது வருவதற்குள் அக்கா பத்து லட்சத்துக்கு அழுது முடித்திருப்பார்.

இந்த வித்தை நம்மவர்களின் சொந்தச் சரக்கு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். அமெரிக்காவில் ‘குயின் ஃபார் எ டே’ 1945இல் வானொலியில் தொடங்கி, 1956 முதல் 1964 வரை நாடு முழுக்க டிவியில் ஓடியது. ஜாக் பெய்லி என்ற தொகுப்பாளர் மைக்கை நீட்டுவார். பெண்கள் வரிசையாகத் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வேண்டும், வீட்டில் துணி துவைக்க மெஷின் இல்லை. யார் கஷ்டம் பெரிது என்று அரங்கின் கைதட்டலை மீட்டர் வைத்து அளந்தார்கள். முள் அதிகம் ஏறினால் கிரீடம், வெல்வெட் அங்கி, ரோஜாப் பூங்கொத்து. ஏறாதவள் சக்கர நாற்காலி இல்லாமலே வீட்டுக்குப் போனாள். நாம் அந்த மீட்டரைக் கழற்றிவிட்டு டிஆர்பி என்று மாட்டிக்கொண்டோம்.

கண்ணீரை அளந்த அதே ஊர், அறிவையும் ஒத்திகை பார்த்தது. 1956இல் ‘ட்வென்டி ஒன்’ போட்டியில் ஹெர்ப் ஸ்டெம்பெல் என்பவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். தயாரிப்பாளர் டான் என்ரைட்டுக்கு அந்த முகம் சலித்துவிட்டது. ‘மார்ட்டி’ படம் ஆஸ்கர் வாங்கியது ஸ்டெம்பெலுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கேள்விக்கே தப்பாகச் சொல்லித் தோற்கச் சொன்னார்கள், தோற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்த, பார்க்க லட்சணமான சார்லஸ் வான் டோரன். விடைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று நெற்றி வியர்வையை ஒற்றி ஒற்றி யோசிப்பதுபோல் நடித்தார். 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் எல்லாவற்றையும் கக்கினார். வேலை போனது. மறுவருடமே இந்த மாதிரிப் போட்டிகளில் முடிவைச் செட்டப் செய்வது குற்றம் என்று சட்டம் வந்தது. வெட்கம் என்று ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

இங்கே? 2000இல் அமிதாப் இந்தியிலும் சரத்குமார் தமிழிலும் கோடியைக் காட்டினார்கள். 2012இல் விஜய் டிவியில் சூர்யா, அப்புறம் பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி. உட்கார்ந்தவர் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் ‘கோடீஸ்வரி’ மேடையில், பேசவும் கேட்கவும் இயலாத மதுரை கௌசல்யா கார்த்திகா கோடியை வென்றது கண்ணீரால் அல்ல, படிப்பால். என் கோபம் கேமராவுக்குப் பின்னால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல்.

அதே இந்திக் கோடிப் போட்டி, 2007இல் ஷாருக்கான் நடத்திய ‘கேபிசி’யின் கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்தபடியே எஸ்எம்எஸ்ஸில் விடை அனுப்பலாம், ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு 2 லட்சம். எஸ்எம்எஸ் ஒன்றுக்கு ரூ.2.40. வந்து குவிந்தவை சுமார் 5.8 கோடி. பெருக்கினால் 13.92 கோடி ரூபாய். 52 நாளைக்குக் கொடுத்த பரிசு மொத்தம் 1.04 கோடி. நம் காசை நம்மிடமே வாங்கி, அதில் ஒரு சிட்டிகையை நமக்கே பரிசாகக் கொடுத்துக் கும்பிடும் வாங்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் 2008இல் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியது. நிகழ்ச்சியை ஒளிபரப்பிய ஸ்டாருக்கும் எஸ்எம்எஸ்ஸைக் கையாண்ட ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி தண்டம் போட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம், ஆணையத்தின் முடிவுக்கு ஆதாரம் போதாது என்று அதை ரத்து செய்தது. ஆகவே சட்டப்படி யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எழுந்து நின்று கைதட்டுங்கள்.

பெரிய சேனல் இப்படியென்றால், நடுராத்திரி டிவிகளைக் கேட்கவே வேண்டாம். ரஜினி கண்ணையும் கமல் வாயையும் வெட்டி ஒட்டிய ஒரு படம். "யாருன்னு தெரியலையா? உடனே கூப்பிடுங்க, இன்னும் பத்தே செகண்டு!" என்று ஒரு பெண் ஒரு மணி நேரமாகக் கத்துவார். பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த விடை. லைன் கிடைத்தவர் மட்டும் எம்.ஜி.ஆர். என்பார். விடை தெரிந்த ஜனமெல்லாம் லைனில் காத்திருக்கும், நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பேலன்ஸ் கரைய.

அடி அண்ணாமலையிலிருந்து வலமாக இன்னும் நடந்தால் குபேர லிங்கம். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் சுற்றுகிற ஜனம் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நின்று வேண்டிக்கொள்கிறது. குபேரன் எஸ்எம்எஸ் கேட்டதில்லை.

இப்போது வாட்ஸ்அப்பில் அமிதாப் படத்தோடு வருகிறது: கேபிசி லாட்டரியில் உங்களுக்கு 25 லட்சம், முதலில் பிராசஸிங் கட்டணம் கட்டுங்கள். போலி, நம்பாதீர்கள் என்று போலீஸ் எச்சரிக்கிறது. பாவம் அந்தத் திருடன். ஒரு செட் போட்டு, ஒரு ஸ்டாரை நிற்கவைத்து, கூரை வீட்டு அக்கா ஒருவரை அழவைத்திருந்தால் அவனுக்கும் ஸ்பான்சர் கிடைத்திருக்கும்.