கால் எட்டாத எக்ஸ்பல்ஸ்

என் உயரம் 5 அடி 2 அங்குலம். எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் மேல் தீராத ஆசை. ஏறி உட்கார்ந்தால் கட்டைவிரல்தான் தரையைத் தொடுகிறது. வண்டியை இறக்குவதா, ஆசையை இறக்குவதா?

இரண்டும் வேண்டாம், முதலில் சீட்டை இறக்குங்கள். அதன் உயரம் 825 மி.மீ. நல்ல சீட் தைப்பவர் முன்பக்க ஃபோமைச் செதுக்கி, இரு ஓரத்தையும் ஒடுக்கிக் கொடுத்தாலே பாதி பாதம் பதியும். சஸ்பென்ஷன் லிங்க் மாற்றிப் பின்பக்கத்தை இறக்கினால், முன்னால் ஃபோர்க்கையும் கிளாம்பில் மேலேற்ற வேண்டும். சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும். 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸை விட்டுக்கொடுத்தால், மலைப்பாதைக் கல்லுக்கு யார் பதில் சொல்வது?

சிக்னலில் ஒரு கால் ஊன்றினால் போதும். சீட்டில் சற்று இடப்பக்கம் நகர்ந்து இடது காலை ஊன்றுங்கள்; வலது கால் பிரேக்கில் இருக்கட்டும்.