பெரியப்பாவுக்குத் தீபாவளிப் பரிசு

கேள்வி: எதை வாங்கிக் கொடுத்தாலும் குறை சொல்லும் எங்கள் பெரியப்பாவுக்கு இந்தத் தீபாவளிக்கு என்ன வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போகுமுன் பெரியப்பாவிடம் போங்கள். குறை சொல்கிறவர் நமக்கு உதவிதான் செய்கிறார். எது வேண்டாம் என்பதை ஆண்டுதோறும் தவறாமல் தெரிவித்துவிடுகிறார்! பரிசு பிசகுவதற்கு அவர் குணத்தைவிட நம் ஊகமே பெரிய காரணம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிறிஸ்துமஸ் பரிசுகளின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, பெற்றவர்களின் மதிப்பீட்டில் காணாமல் போயிருந்தது. அவரிடம் பதில் சொன்னவர்கள் யேல் பல்கலைக்கழக மாணவர்கள். குறை சொல்லும் பெரியப்பாக்கள் அல்லர்.

அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பீர்கள். பெரியவர்கள் சிறியவர்களுக்குப் பணம் கொடுப்பதே நம் வழக்கம். அதை மாற்றி நாம் கொடுத்தால் பெரியப்பாவுக்கு உறுத்தும். கேட்டு வாங்கினால் வியப்பு போய்விடுமே என்றால், வியப்பு பொட்டலம் பிரிக்கும்வரைதான். பயன் ஆண்டு முழுவதும். ‘ஒன்றும் வேண்டாம்’ என்றால் கேள்வியை மாற்றுங்கள்: வேட்டி நாலு முழமா, எட்டு முழமா? கரை எவ்வளவு அகலம்? எந்தக் கடைக் காப்பிப்பொடி? அவருடைய பதிலை அப்படியே வாங்கிக் கொடுங்கள். கேட்டுச் செய்வதுதான் மரியாதை.