முதிரைக் கதவுக்கு ரெண்டு நிறப் பெயின்ற்

மனே, போனில படம் காட்டினது காணும், இந்தத் திண்ணையில குந்து. பழைய வீட்டை அழகாக்கப் போறாயாம், ஊரெல்லாம் கதை. நல்லது. முதல்ல ஒண்டு கேக்கிறன், வீடு ஆருட?

என்ட எண்டு சொல்லிராத. எங்கட மட்டக்களப்புப் பக்கம் வீடு பொம்பிளப் புள்ளைக்குத்தான். சொத்து தாய்வழியா இறங்கிற முக்குவர் சட்டத்த கிறிஸ்தோபர் பிரிட்டோ எண்டவர் 1876இல புத்தகமாவே போட்டிரிக்கார். சட்டம் போயிற்று, வழமை போகல்ல. நீ சீதன வீட்டுக்கு வந்த மாப்பிள. ஆணி அடிக்க முன்னம் பொஞ்சாதியிட்ட கேட்டியா? அவ ஓம் எண்டாலும் மாமி இரிக்கா, கவனம்.

சுவருக்குப் 'பழங்கால மஞ்சள்' பூசப் போறாயாம். அந்தச் சுவர் ஒரு நாளும் மஞ்சளா இரிந்ததில்ல, மனே. அது முருகைக்கல்லச் சூளையில சுட்டெடுத்த சுண்ணாம்பு. கல்குடா, பாசிக்குடாக் கடலில கல்லுடைச்சு வீடு கட்டின காலம் அது. இப்ப உடைச்சா வழக்குத்தான். அதால இரிக்கிற பூச்சக் கொத்திப்போடாத, கொத்தினா அந்தச் சாமான் திரும்பக் கிடையா. சுண்ணாம்புச் சுவர் மாரியில ஈரத்தக் குடிக்கும், வெயிலில விட்டுரும். அதுக்கு மேல சீமெந்தப் பூசி, பளபளக்கிற பெயின்ற்றும் அடிச்சாயெண்டா ஈரம் போக வழியில்லாம உள்ளுக்கே நிண்டு, உப்புப் பூத்து, ரெண்டு மாரிக்குள்ள தேமல் புடிச்ச முதுகு மாதிரிச் சுவர் உரியும். மறுகா பெயின்ற் கடைக்காரன் வருவான், நல்ல மருந்து இரிக்கெண்டு.

கதவுக்கு வாறன். முதிரைக் கதவு. அதுக்கு நீலம் அடிச்சு, மேல வெள்ள அடிச்சு, மறுகா அரத்தாளால உரஞ்சிப் பழசு மாதிரி ஆக்கிறதாம். பழசப் பழசு மாதிரி ஆக்கக் காசு குடுக்கிற ஆள இப்பதான் காணுறன்.

சண்டை முடிஞ்ச புறகு பாசிக்குடாவில எழும்பின ஹோட்டல்கள நீயும் பாத்திட்டாய், அதுதான் வருத்தம். வெள்ளக்காரன் படம் எடுக்க அவங்க வண்டில் சில்லச் சுவரில தூக்கினாங்க. உனக்கும் ஒரு சில்லு வேணுமாம். இந்தக் குடும்பத்தில ஆருக்கடா வண்டில் இரிந்தது? தோணிதான் இரிந்தது.

கொழும்பில ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா பழைய வீட்ட இப்பிடிச் செய்யல்லையா எண்டு கேக்கிறாய். ஓம், செய்தவர். 33ஆம் ஒழுங்கையில நாலு சின்ன வீட்ட ஒவ்வொண்டாச் சேத்து ஒரு வீடாக்கி, செட்டிநாட்டுத் தூணெல்லாம் கொண்டுவந்து நிப்பாட்டினவர். அவர் நாலை ஒண்டாக்கினவர். நீ இரிக்கிற ரெண்டு அறையில பெரிய சோபாவ இறக்கிப்போட்டு, ஆக்கள் எப்படிப் போய்வாறதெண்டு என்னட்டக் கேக்கிறாய். சாய்மனைக் கதிரை மூலையில கிடக்கு, பன்பாய் பரணில கிடக்கு. யன்னலுக்கு மருதமுனைக் கைத்தறிச் சீலை ஒண்டு வாங்கு, காணும்.

சீலிங் அடிக்கிற கதைய மட்டும் விடு. ஓட்டுக்குக் கீழ தட்டி அடிச்சா ஒழுக்கும் தெரியா, கறையானும் தெரியா. எலிக்குத்தான் மெத்தை வீடு கட்டிக் குடுப்பாய். ஓட்டில பாதி கறுப்பு, பாதி சிவப்பாக் கிடக்கு, ஒரே நிறமாக்கணும் எண்டாய். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடிச்சுது. விடிஞ்சு பாத்தா சுவர் நிக்கிது, ஓட்டில பாதி இல்ல. சிவப்பு அதுக்குப் புறகு போட்டது. மாமியிட தகப்பன் கடன்பட்டு வாங்கின ஓடு அது. அதில பெயின்ற் அடிக்கப் போறன் எண்டு மாமிக்கு முன்னால ஒருக்காச் சொல்லிப் பாரன், நான் கடப்படியில நிண்டு பாக்கிறன்.

காசு செலவழிச்சுத்தான் ஆகணுமெண்டா மேல பாரு. வடக்குப் பக்கக் கைமரத்தில கறையான் ஏறியிரிக்கு. மாரி தொடங்க முன்னம் ஓட்ட இறக்கி, மரத்த மாத்தி, அதே ஓட்ட அடுக்கு. ஆள் வேணுமெண்டா நான் புடிச்சுத் தாறன். கூலி கொஞ்சம் கூடத்தான். ஆள் ஆரெண்டு கேக்காத, என்ட மருமகன்தான்.