ஊற்றுவதா, மாற்றுவதா? வேங்கிக்கால் வட்டாரப் பழைய கார்களின் ஆயில் சமயங்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

திருவண்ணாமலையை ஆராய வந்தவர்கள் கோயிலைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், சித்தர்களைத் தேடினார்கள். வேலூர் சாலையில் வேங்கிக்கால் பக்கம் காருக்கடியில் படுத்துக் கிடப்பவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. (அவர் படுத்திருக்கிறார், குனிந்துதான் பார்க்க வேண்டும்.) ஆய்வுலகின் இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுப் பொருள்: பதினைந்து வயது கடந்த காருக்கு எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது, கடைக்காரர் கூடவே நீட்டும் குட்டி அடிடிவ் பாட்டிலையும் ஊற்றுவதா வேண்டாமா என்பது. ஆய்வுக் களம்: பட்டறையும் அதை ஒட்டிய டீக்கடையும். கருதுகோள் எதுவும் வகுக்கப்படவில்லை. வகுத்திருந்தால் பட்டறை மேஸ்திரி சிரித்திருப்பார்.

முதலில் தொன்மை. எந்தப் பொருளையும் சங்க காலத்தில் கொண்டுபோய்க் கட்டாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். நல்லவேளையாக ஔவையார் கைகொடுக்கிறார். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் வண்டிக்கு என்ன ஆகுமோ என்று உமணர்கள் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் பதிவு செய்கிறது. வண்டித் தேய்மானம் குறித்த கவலை தமிழருக்குப் புதிதல்ல என்பது இதனால் நிறுவப்படுகிறது. பிற்காலத்தில் வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவினார்களே, அந்த வண்டிமைதான் நம்முடைய முதல் அடிடிவ். எண்ணெய் முதல், கரி சேர்மானம். இன்றைய டப்பாவிலும் தத்துவம் அதுவே. விலை மட்டும் உயர்ந்திருக்கிறது.

இனிச் சமயங்கள். தில்லையில் மூவாயிரவர் உண்டு, வேங்கிக்காலிலும் உண்டு. 3,000 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றியே தீரவேண்டும் என்பது இவர்கள் கொள்கை. அம்பாசடர் டாக்சி ஓட்டிய பரம்பரை. அடுத்தவர் ஐயாயிரவர், கண்ணாடி மூலையில் பட்டறைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரே இவர்களுக்கு ஆகமம். மருமகன் வாங்கிய புது வண்டியின் கையேட்டைப் படித்துவிட்டு மாமனாரின் மாருதி 800-க்கும் அதையே ஓதுகிற பத்தாயிரவரைப் புறச்சமயத்தார் என்றே கொள்ளவேண்டும். நான்காமவர் ஊற்றுநர். இவர்கள் மாற்றுவதே இல்லை, குறைந்தால் ஊற்றுவார்கள். "அது பாட்டுக்குக் குடிக்குது, நான் பாட்டுக்கு ஊத்துறேன். ரெண்டு மாசத்துல எல்லாம் புதுசாயிடுது. அப்புறம் எதுக்கு சார் மாத்தணும்?" என்றார் ஒருவர். தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு உடனடி மறுப்பு கிடைக்கவில்லை. மேஸ்திரியிடம் கிடைத்தது: எரிந்து போவது எண்ணெய்தான், கரியும் உலோகத் தூளும் அமிலமும் ஆயில் சேம்பரிலேயே தங்கிவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால், வடிகட்டாத ஆயிலே பைபாஸ் வால்வு வழியாகச் சுற்றும்.

இவர்களை எல்லாம் ஊடுருவி நிற்பது கருமைவாதம். டிப்ஸ்டிக்கை உருவி, வேட்டி நுனியில் துடைத்து, "கருத்துப் போச்சு, மாத்திடு" என்பது அதன் வழிபாட்டு முறை. இது பெரும் பிழை. ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் கரியைக் கழுவுகிறது. டிஸ்பர்சன்ட் அதை எங்கும் படியவிடாமல் மிதக்க வைக்கிறது. கருத்த ஆயில் வேலை செய்த ஆயில். டீசல் அம்பாசடரில் இன்று ஊற்றியது நாளைக்கே கருக்கும். கருக்கவே கருக்காத ஆயிலைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். கரி எஞ்சினுக்குள் எங்கோ படிகிறது. தவிர, இந்த ஊரில் கருமையை இழித்துப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. மலையுச்சியில் பதினோரு நாள் நெய்யில் எரிந்த தீபத்தின் மையைத்தான் ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திப் பக்தர்களுக்கும் தருகிறார்கள்.

டப்பாவின் மேலெழுத்துக்கு உரை எழுதாமல் ஆய்வு நிறைவுறாது. 20W-50 என்றிருக்கும். W என்பது குளிர்காலக் குறி. மைனஸ் 15 டிகிரியில் எஞ்சின் சுற்றுமளவுக்கு ஆயில் இளகலாக இருக்கிறதா என்று சோதித்தே அந்த 20-ஐக் கொடுக்கிறார்கள். கிரிவலப் பாதையில் அப்படி ஒரு மார்கழி வந்தால் அன்று காரைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். நமக்கு வேண்டியது பின்னெண். 50 என்றால் 100 டிகிரிச் சூட்டில் பிசுக்கு 16.3-லிருந்து 21.9 சென்டிஸ்டோக்குக்குள் நிற்கும். சித்திரை வெயிலில் தேய்ந்த பேரிங்குகளுக்கிடையே ஆயில் தண்ணீராய் ஓடாமல் காப்பது அந்த எண்தான்.

இப்போது குட்டி பாட்டில். கடையில் மூன்று வகை: புகையை நிறுத்துவது, தேய்மானத்தைத் தடுப்பது, 'எஞ்சினுக்கு மறுபிறவி' தருவது. முதல் வகையில் பெரும்பாலும் இருப்பது கெட்டியான பாலிமர். ஆயில் தடித்து, தேய்ந்த ரிங்கைத் தாண்டி எரியறைக்குப் போவது கொஞ்சம் குறையும். நீலப் புகையும் சில வாரம் குறையும். அந்தச் சில வாரத்துக்குள் வண்டி கைமாறிவிடுவது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை. மேஸ்திரியின் தீர்ப்பு: "ரிங்கு போன வண்டிக்கு பாட்டில் ஊத்துறது, பல்லு போன தாத்தாவுக்குப் பாக்கு இடிச்சுக் குடுக்குற மாதிரி சார். மெல்லுவாரு. பல்லு மொளைக்காது."

வெளிநாட்டு அறிஞர்களும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், ஆனால் நிறையச் செலவழித்து. தன் பாட்டிலை ஊற்றினால் ஆயில் குடிப்பது குறையும் என்று தவறாக விளம்பரம் செய்ததற்காக எஸ்டிபி நிறுவனம் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு 1978-ல் 5 லட்சம் டாலர் கட்டியது. டெஃப்லான் வகைத் துகள் கலந்த ஸ்லிக் 50-இன் விளம்பர வாசகங்கள் மீதும் அதே ஆணையம் கைவைத்து, 1997-ல் சமரசத்தில் முடித்தது. அதற்கு முன்பே 1996-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நியூயார்க்கில் 75 டாக்சிகளைத் தலைக்கு 60,000 மைல் ஓட்டி, எஞ்சின்களைப் பிரித்து அளந்தது. பாட்டில் ஊற்றியதற்கும் ஊற்றாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 3,000 மைலில் மாற்றியதற்கும் 6,000 மைலில் மாற்றியதற்குமே தெரியவில்லை. மூவாயிரவர் இதைப் படித்தால் வருந்துவர். அவர்களுக்கு ஓர் ஆறுதல்: அந்த டாக்சிகள் நாள் முழுக்க ஓடி, எஞ்சின் ஆறவே ஆறாதவை.

ஒரு பாட்டிலுக்கு மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. அம்பாசடரின் பழைய பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சினில் கேம் நேராகத் தட்டையான டாப்பெட்டின் மேல் உராயும். அதைக் காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்று 2004-க்குப் பின் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கினார்கள். அய்யோ என்று துத்தநாக பாட்டில் தேடி ஓட வேண்டியதில்லை. அந்த வரம்பு 5W-30 போன்ற மெல்லிய ரகங்களுக்குத்தான், 20W-50-க்குப் பொருந்தாது. அண்ணாச்சி கடையில் எப்போதும் கிடைத்த டப்பாவே போதும்.

ஆக மிஞ்சும் கேள்வி, எப்போது? வேங்கிக்காலின் பழைய கார்கள் நெடுந்தூரம் போவதில்லை. வீட்டிலிருந்து ஆட்சியர் அலுவலகம், அங்கிருந்து கோயில். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே தேரடி வந்துவிடும். உள்ளே கோத்த ஈரம் ஆவியாகிப் போவதில்லை, பெட்ரோலும் கொஞ்சம் இறங்கிக் கலக்கும், அமிலம் ஏறும். இப்படிப்பட்ட வண்டிக்கு மீட்டர் பார்ப்பது வீண். எத்தனை குறைவாக ஓடினாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மீட்டர் கேபிள் அறுந்து பல காலமான கார்களுக்கு இந்த முடிவு இரட்டிப்பு வசதி.

எனவே, இக்கட்டுரை முன்வைக்கும் கோட்பாடு: ஆயில் மாற்ற உகந்த நாள் ஆயுதபூஜை. வருஷம் தவறாமல் வரும், மறக்காது. அன்று எப்படியும் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கத்தான் போகிறோம். முடிவுரையை மேஸ்திரியிடம் படித்துக் காட்டினேன். டீயை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"எல்லாம் கரெக்டுதான் சார். ஆனா ஆயுதபூஜை அன்னிக்கு ஸ்பேனரெல்லாம் சாமி முன்னாடி இருக்கும், யாரும் தொடமாட்டாங்க. நீங்க ஒரு வாரம் முன்னாடியே வந்துடுங்க. அப்புறம், போன வருஷ பாக்கி ஒண்ணு இருக்கு."