தாடியைத் தொடும் கை

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் வரைந்த ‘ஜூபிடரும் தீட்டிஸும்’ படத்தில் அந்தப் பெண் கடவுளின் தாடியைத் தடவுகிறாளே, காதலா?

பதில்: காதல் இல்லை, சிபாரிசு! தீட்டிஸ் கிரேக்க வீரன் அக்கிலீஸைப் பெற்ற தாய். டிராய்ப் போரில் மகனைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அவமானப்படுத்திவிட்டான். என் மகனின் அருமை கிரேக்கர்களுக்குப் புரியும்வரை டிராய்க்காரர்களையே ஜெயிக்க வையுங்கள் என்று கேட்க வந்திருக்கிறாள். ஹோமரின் இலியட்டில் முதல் காண்டத்தில் வரும் காட்சி இது. ஒரு கை முழங்கால் பக்கம், இன்னொரு கை தாடிக்கு. பண்டைய கிரேக்கத்தில் சரணடைந்து வேண்டும் முறை அது. தாவாங்கட்டையைப் பிடித்துக் கெஞ்சுவது என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

அந்தக் கையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மலை மாதிரி உட்கார்ந்திருக்கும் ஜூபிடரின் தாடியை விரல் நுனிகள் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. அவரோ அவளைப் பார்க்கவே இல்லை, நேரே வெறிக்கிறார். காரணம் ஓரத்தில் மேகத்தின் மேல் சாய்ந்திருக்கிறது: மனைவி ஜூனோ, எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறாள்!

1811இல் ரோமிலிருந்து ஆங்கர் இதைப் பாரிசுக்கு அனுப்பியபோது கலைக்கழகத்தாருக்குப் பிடிக்கவில்லை. தீட்டிஸின் கழுத்து இயற்கைக்கு மாறாக நீண்டு வளைந்திருப்பது உண்மைதான். ஆனால் மகனுக்காக அண்ணாந்து கெஞ்சும் தாயின் கழுத்து அப்படித்தான் நீளும். ஆங்கர் வரைந்ததே சரி என்பேன். மூன்று மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அந்தப் படம் இன்று தெற்கு பிரான்சில், எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் கிரானே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.