96 பற்கள்

ஏற்காட்டை ‘ஏழைகளின் ஊட்டி’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் மார்கழியில் இங்கே விடியற்காலை நாலு மணிக்குக் கண்விழித்திருக்க மாட்டார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஐயாயிரம் அடிக்கு வந்துவிட்டால், குளிர் ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடி கொண்டுவந்தார். பின்னால் வந்த துரைமார்கள் பங்களா கட்டி, அதற்குள் கணப்பும் கட்டிக்கொண்டார்கள். எனக்கு வாய்த்தது வாடகை வீடு. கணப்பு இல்லை, பவர் பிளக் ஒன்று இருந்தது.

அதில்தான் ஆயில் ஹீட்டர். ஒன்பது தகடு, நாலு சக்கரம், 2000 வாட். உள்ளே எண்ணெய் சூடாகி அறை கதகதப்பாக முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். மணிக்கு இரண்டு யூனிட் தின்கிற பிராணியை ராத்திரி முழுக்க விட்டுவைக்க மனசு வராது. நாலரைக்குத் தானே எரிந்து ஆறுக்குத் தானே அணையட்டும் என்று, பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு டைமர் வாங்கி அனுப்பினான்.

உள்ளங்கை அளவு பெட்டி. முகத்தில் வட்டத் தட்டு. அதைச் சுற்றி 96 பிளாஸ்டிக் பற்கள். பல்லுக்குக் கால் மணி. கரண்ட் வேண்டிய நேரத்துப் பற்களைக் கீழே அமுக்க வேண்டும். நான் வேண்டாத நேரத்துப் பற்களை அமுக்கினேன். மொத்தம் 90. நகம் வலித்தது. மறுநாள் சரியாக நாலரைக்கு ஹீட்டர் அணைந்து, ஆறு வரை ஓய்வெடுத்துக்கொண்டு, பிறகு நாள் முழுக்க உழைத்தது. வீடு கோழிக்குஞ்சு பொரிக்கிற பதத்தில் இருந்தது.

“ஏங்க, நமக்கு வேண்டிய ஒன்றரை மணி நேரம் தவிர மத்த நேரமெல்லாம் எரியுதே!” என்றாள் மனைவி.

90 பற்களையும் தூக்கிவிட்டு, ஆறை அமுக்கினேன். மூன்று நாள் சொர்க்கம். நாலாம் நாள் ஐந்தேகாலுக்குத்தான் எரிந்தது. அப்புறம் ஆறே முக்கால். பொங்கல் சமயத்தில் ஒன்பது மணிக்கு, முற்றத்தில் வெயில் வந்து உட்கார்ந்த பிறகு, ஹீட்டரும் வந்து சேர்ந்துகொண்டது.

மகனுக்கு போன் போட்டேன். “ஒரு தடவை பிடுங்கி மாட்டிப் பாருங்கப்பா” என்றான். பிடுங்கி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினேன். மறுநாள் இன்னும் கால் மணி தாமதம்.

கடைசியில் ஒண்டிக்கடை பக்கத்திலிருந்து எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். முதலில் பிளக் முள் கருகியிருக்கிறதா என்று பார்த்தார். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்குமாம். நல்லவேளையாக டைமர் 16 ஆம்பியர். பிறகு அதைக் காதில் வைத்துக் கேட்டார், கிணற்றுக்குள் விழுந்த குடத்தைக் கேட்பதுபோல.

“ஓடுதுங்க சார். ஒண்ணும் கெட்டுப்போகலீங்க.”

“அப்புறம் ஏன் தம்பி ஒன்பது மணிக்கு எரியுது?”

“உள்ள செல் இல்லீங்க. மோட்டார் கரண்ட்லயே சுத்துது. கரண்ட் நின்னா அதுவும் நின்னுக்கும். வந்தா, விட்ட எடத்துல இருந்து சுத்தும்.”

வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைகிறதே, அந்த அலையின் வேகத்துக்குத்தான் குட்டி மோட்டார் சுழல்கிறது. அலை நின்றால் காலமும் நின்றது. இங்கோ காற்றடித்தால் போதும், சில்வர் ஓக் கிளை ஒன்று மிளகுக்கொடியோடு கம்பியில் சாயும். மலைச்சரிவில் அதைத் தேடிக் கண்டுபிடித்து வெட்டி எடுப்பதற்குள் ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகும். ஊர் மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருந்த அந்த நேரமெல்லாம் டைமரின் கணக்கில் நடக்கவே இல்லை. நான் டீ குடித்த கால் மணியும் அப்படித்தான்.

வைத்தியம் சுலபம்: கரண்ட் வந்ததும் தட்டைச் சுற்றி, அம்புக்குறியில் சரியான நேரத்தை வைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் போய் மூன்று மணிக்கு வந்தால்? எழுந்துபோய்த் திருக வேண்டும். எழுந்தவன் நாலரை வரை உட்கார்ந்திருந்து ஹீட்டர் சுவிட்சையே தட்டிவிடலாமே! செல் போட்ட டிஜிட்டல் டைமர் இருக்கிறது, கரண்ட் போனாலும் நேரம் மறக்காது, எட்டே பட்டன்தான் என்றான் மகன். 96 பல்லில் பட்டது போதும் என்றுவிட்டேன். கோலம் போட எழும் மனைவி, போகிற போக்கில் சுவிட்சைத் தட்டிவிடுகிறாள்.

டைமரைத் தூக்கி எறியவில்லை. ஹாலில் வெறும் பிளக்கில் சொருகியிருக்கிறது. பொங்கல் கழித்து ஒருமுறை சரியான நேரம் வைத்ததோடு சரி. அப்புறம் கை வைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் எத்தனை மணி, டைமரில் எத்தனை மணி. கழித்துப் பார்த்தால் இதுவரை எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் கேட் அருகே நின்று, “சார், இன்னிக்கு எவ்வளவு?” என்று கேட்கிறார், ஏதோ ஏரியில் தண்ணீர் மட்டம் கேட்பதுபோல.

நேற்றைய கோடை மழையோடு சேர்த்துப் பதினாறரை மணி நேரம். மொத்தம் 24 சேர்ந்துவிட்டால் தட்டு ஒரு முழுச் சுற்று பின்தங்கி, யாரும் தொடாமலே சரியான நேரம் காட்டும். மனைவியிடம் சொன்னேன்.

“இன்னும் எவ்வளவு பாக்கி?” என்றாள்.

“ஏழரை.”